641-இல் மாட்டிய எண்

அன்புள்ள நடராஜா,

நலம். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய், திட்டிக்கொள். வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். படிக்கக் கூடாது, குனியக் கூடாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கணக்கு வருகிற இடத்திலெல்லாம் பெருமூச்சு விடுகிறாள், கண்டுகொள்ளாதே.

சும்மா படுத்துக்கிடக்க முடியவில்லை. 4294967297-ஐ மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். 2³² கூட்டல் 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டு. இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை சரிதான். அதற்கு அடுத்ததே இது. 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் வந்து, 641-ஆல் மீதியில்லாமல் போகிறதே என்று போட்டு உடைத்தார். ஈவு 6700417.

எப்படிப் பிடித்தார் என்பதைப் பிற்பாடுதான் விளக்கினார். இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது! என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அந்த 64 விதி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்துதான் வருகிறது: p பகா எண் என்றால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p−1 அடுக்குக்கு ஏற்றி p-ஆல் வகுத்தால் மீதி 1. அதையும் அதே 1640-இல்தான் ஒரு கடிதத்தில் எழுதினார். கையில் வெண்ணெய் இருந்தும் மனுஷன் நெய் தேடவே இல்லை.

இன்னொரு அழகு. 641 என்பது 5×2⁷+1, அதுவே 5⁴+2⁴. அதனால் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5×2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு ஏற்று: 5⁴×2²⁸ என்பது 1. 5⁴-க்குப் பதில் −2⁴ போடு: −2³² என்பது 1. அப்படியென்றால் 2³²+1-க்கு மீதி பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டே முடித்துவிட்டேன். சபாபதி சார் இருந்தால் “ஸ்டெப் எங்கேடா?” என்றிருப்பார்.

அப்புறம், மரகதம் போனில் அழுதாள். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாயாம். ஒன்றும் இருக்காது என்று நீயே எப்படிச் சொல்வாய்? இதில் எனக்கு விளையாட்டில்லை நடராஜா. இந்த வாரமே போ. ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் செய், எந்நேரமானாலும் சரி.

அங்கே எப்படியும் காக்க வைப்பார்கள். பேப்பர் எடுத்துப் போ. வரிசையில் அடுத்த எண் 18446744073709551617. 1880-இல் லாண்ட்ரி என்பவர் இதை உடைத்தபோது அவருக்கு 82 வயது. நாம் இன்னும் பையன்கள்தான். 274177-ஆல் வகுத்துப் பார். செல்போனைத் தொடாதே, ஸ்டெப் வேண்டும்.

இவளுக்குக் கை வலிக்கிறதாம்.

உன்,
ராமு