நிரம்பி நின்ற தொட்டி

அன்பு நண்பா,

நலம். ஏழு மாதமாக எழுதாததற்கு மொத்தமாகப் பதில் கடிதத்தில் திட்டிக்கொள். நம்மோடு படித்த அந்த 'ஒட்டகத்துக்கு' மூட்டுவலி, பட்டப்பெயருக்கேற்ற நடை மட்டும் மாறவில்லை.

பள்ளியில் மழைநீர்த் தொட்டி வைத்ததைப் பற்றிப் போன கடிதத்தில் அளந்திருந்தேனே, அதைக் கிழித்துப் போடு. "இனி வெள்ளம் இந்தப் பக்கமே வராது" என்றுகூட எழுதிய நினைவு. போன வார மழையில் மைதானம் பழையபடி குளம். மதிலுக்கு அப்பால் தாழ்வில் இருக்கும் வீடுகளிலும் தண்ணீர். தொட்டியோ முந்தின மழையிலேயே நிரம்பி, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. சேமித்த தண்ணீராயிற்றே என்று குழாயைத் திறக்க விடாதவன் நான்தான்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். சிரிக்காதே, உன்னைப் பார்த்து எழுதித் தேறியவன்தான். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். எங்கள் கூரை 600 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 30,000 லிட்டர். தொட்டி கொள்வது 10,000. காலியாக இருந்தாலே 17 மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். வறட்சிக்கு நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி நனைந்த நோட்டுகளை வராந்தாவில் பரப்பி வைத்திருந்தாள். மதிலை ஒட்டிய வீடு. உள்ளே புகுந்தது எங்கள் கூரைத் தண்ணீர். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வகுப்புக்குள் போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியின் பாதி உயரத்தில் எப்போதும் திறந்திருக்கும் சிறு துளை ஒன்று போடலாம் என்றிருக்கிறேன். மேல்பாதி ஒரு நாளில் மெல்ல வடிந்து அடுத்த மழைக்கு இடம் விடும். கீழ்ப்பாதி கழிப்பறைக்கும் செடிகளுக்கும். ஆனால் அந்த மேல்பாதி தாங்குவது 8 மில்லிமீட்டர் மழையைத்தான். மிச்சத்தை மைதான ஓரத்தில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி விடலாமென்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் முக்கால்வாசி அப்படியே நின்றது. களிமண். ஜல்லி போட்டால் உறிஞ்சும் என்கிறார் கொத்தனார். ஜல்லி குழிக்குள்தானே இருக்கும், சுற்றியுள்ள மண் மாறுமா?

குழாயும் மண்ணுமாகவே காலம் தள்ளியவன் நீ, சொல். துளை பென்சில் பருமன் போதும் என்கிறேன் நான். இலை அடைத்துக்கொள்ளும், கட்டைவிரல் பருமன் வேண்டும் என்கிறான் ஒட்டகம். அவன் சொல்வது சரியாக இருந்துவிடக் கூடாது என்பது என் தனிப்பட்ட கவலை.

தொட்டிக்குக் கொசுவலை போட்டாயிற்று, அதைக் கேட்டு ஒரு பக்கம் வீணாக்காதே. அடுத்த மழைக்குமுன் எழுது.

உன்,
மூன்றாம் பெஞ்சு