ரேகை விழாத விரலும் வந்து சேர்ந்த உதவித்தொகையும்: ஒரு நன்றி மடல்

சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் ராமநாதபுரத்திலும் எனக்காக அலைந்தவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் கல்வி உதவித்தொகை கைக்கு வந்துவிட்டது. உண்மையில் அது இரண்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டதாம், எனக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொன்னால்தான் யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதல் நன்றி கருவாட்டு அத்தைக்கு. முதுகலையில் இடம் கிடைத்தது என்று தெரிந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போகத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் சும்மா இருந்த வீட்டில் கட்டணத்துக்குக் காசு எங்கே இருக்கும்? தண்டலுக்கு வாங்கலாம் என்று அப்பா கிளம்பிவிட்டார். அத்தைதான் மறித்து, கருவாடு விற்ற காசை அப்படியே முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். வட்டி வேண்டாம் என்றார். "ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு இருக்காமே, அதை எப்படி எழுதுறதுன்னு நீ கத்துக்கிட்டு வா. என் பேத்திக்கும் எழுதணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த எழுதும் வேலையைப் பற்றி நான் நினைத்திருந்தது வேறு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். அரசுப் பள்ளியில் படித்த தோழிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-லேயே வரத் தொடங்கியது. எங்களையும் சேர்த்துக்கொண்டது 2024 டிசம்பர் 30-இல்தான், அப்போது நான் இளங்கலை கடைசி ஆண்டு. அந்தப் பணம் முதுகலைக்கு வராது. முதுகலையில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மாணவருக்கான உதவித்தொகைக்கு யூமிஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலை அறிவியல் இளங்கலைக்கு இல்லாத நிபந்தனை ஒன்று முதுகலைக்கு உண்டு: பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆக, வருமானச் சான்று வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. "மாசம் எவ்வளவு வரும்?" என்று அவர் கேட்டார். அப்பா, "எந்த மாசம் சார்?" என்று திருப்பிக் கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். வேறு ஒருவராக இருந்தால் கோபப்பட்டு ஏதோ ஒரு தொகையை எழுதிவிட்டிருப்பார். இவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். விசைப்படகு வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும் போகும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அதுவும் இல்லை. தடைக்காலத்தைக் கழி. டீசல், ஐஸ் செலவு போக, படகுக்காரர் பங்கு போக, மிச்சத்தில் ஆள் பங்கு. சில நாள் 300 ரூபாய், சில நாள் வெறுங்கை. அம்மா கடற்பாசி எடுத்து விற்கும் காசையும் சேர்த்தே கணக்குப் போட்டார். அப்பா தன் வருடத்தை ஒரே தாளில் பார்த்தது அன்றைக்குத்தான். "இவ்வளவுதானா?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இ-சேவை மையத்து அண்ணன் 60 ரூபாய்க்கு மேல் ஒரு காசு வாங்காமல் பதிந்து கொடுத்தார். அவருக்கும் நன்றி.

சான்று வந்தது, விண்ணப்பம் போனது, திரும்பியும் வந்தது. காரணம் கேட்டால் அலுவலகத்தில் சொல்ல ஆள் இல்லை. விடுதியில் என் பக்கத்து அறை அக்கா, தொண்டிக்காரர், எல்லாத் தாளையும் கட்டிலில் பரப்பிவைத்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். ஆதாரில் எனக்கு ஓர் இனிஷியல், மாற்றுச் சான்றிதழில் இரண்டு. தாத்தா பெயரையும் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்து மறுபடி அனுப்பினேன்.

அப்புறம் நவம்பரில் தளத்தில் "பணம் செலுத்தப்பட்டது" என்று வந்தது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. வங்கியில் கேட்டால் பல்கலைக்கழகத்தில் கேள் என்றார்கள், அங்கே கேட்டால் வங்கியில் கேள் என்றார்கள். அழுதுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. மறுபடியும் அந்த அக்காதான் விளக்கினார்: இந்தப் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே போய் விழும். எந்த வங்கி என்று ஆதார் தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி போகும் எண் அப்பாவின் பழைய எண். அந்தப் போன் பாம்பன் கடலுக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தபால்கார அண்ணன் எண்ணை மாற்றித் தருகிறேன் என்று ரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்தார். கட்டைவிரல் வைத்தேன், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. பத்து விரலும் வைத்தாயிற்று. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார், துடைக்கச் சொன்னார், தன் கைக்குட்டையையே கொடுத்தார். அதற்கு முந்தின நான்கு நாள் அம்மாவோடு பாசிக்கு இறங்கியிருந்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் எடுப்போம். ஆனாலும் மரிக்கொழுந்துப் பாசி பாரோடு, அதாவது கடலடிப் பாறையோடு, ஒட்டிக் கிடப்பது, பிய்க்கும்போது துணி நழுவினால் கல் தோலைச் சீவிவிடும். எனக்கு நான்கு நாளுக்கே இப்படி. அம்மா தன் கையை நீட்டி, "எனக்கு வச்சுப் பாருங்க" என்றார் விளையாட்டாக. அண்ணன் வைத்துப் பார்த்தார். கருவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அணைந்தே போயிற்று. எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான்.

"ராம்நாட் போங்க, கண்ணை வச்சு எடுப்பாங்க" என்று வழி சொன்னதோடு, மறுநாள் அவரே போன் செய்து போனேனா என்று கேட்டார். ராமநாதபுரத்தில் ஆதார் மையத்தில் இருந்த அக்கா, "கண்ணைச் சிமிட்டாத தங்கச்சி" என்று மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் சிமிட்டினேன். நாலாவது தடவை பதிந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் கைதட்டினார்.

எண் மாறியதும் பார்த்தால், பணம் இருந்த இடம் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் குடைக்குக் கீழே சிம் கார்டு விற்றவரிடம் ரேகை வைத்தபோது எனக்கே தெரியாமல் ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கும் தொடங்கியிருக்கிறது. உதவித்தொகை நேராக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, ஒரு ரூபாயும் குறையவில்லை. இப்போது வங்கியில் எழுதிக் கொடுத்து ஆதாரைப் பழைய கணக்கோடே இணைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகும் தங்கச்சிகள் தயவுசெய்து முதலில் இந்த இணைப்பைப் பாருங்கள், அப்புறம் மற்றது. பாசிக்குப் போகிறவர்கள் ரேகை வைக்க வேண்டிய வேலைக்கு முன் ஒரு வாரமாவது கடலில் இறங்காமல் இருங்கள். முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அத்தை, உங்கள் கடனில் பாதியை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், மீதி அடுத்த தவணை வந்ததும். பேத்தியின் தாள்களைப் பார்த்தேன். சாதிச் சான்றிதழில் உங்கள் மகன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், ரேஷன் கார்டையும் அவளுடைய ஆதாரையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
சின்னப்பாலத்துப் பெண்