தோள்மூட்டையை இறக்கி வைத்துப் பேசியவர்களுக்கு

பேரன்புக்குரிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

நான்கு ஆண்டுகளாக உங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய தொகுப்பு சென்ற வாரம் நிறைவு பெற்றது. சிறப்புப் படைகள் தமக்குரிய வீரர்களை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றன, எவ்வாறு பழக்குகின்றன என்பதைத் தமிழில் எழுதவேண்டும் என்று தொடங்கியபோது, ஒரு நாளும் சீருடை அணிந்திராத எனக்கு இப்பொருளில் இருந்தது வெறும் நூலறிவு. ஆண்டுகளும் பெயர்களும் தெரியும். இரவு முழுவதும் நனைந்த காலணியோடு நடந்தவரின் குதிகால் விடியற்காலையில் எப்படி இருக்கும் என்பது தெரியாது. அதைச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறேன் என்றாலும், பெற்ற உதவியைப் பலர் அறியச் சொல்வதே முறை என்பதால் இம்மடலை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்பதுதான் உங்களில் பெரும்பாலோர் விதித்த ஒரே நிபந்தனை. ஆகவே உதவிய எவருடைய பெயரும் இங்கு இல்லை. அவரவர் பங்கை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதல் நன்றி, வான்குடை (பாராசூட்) வீரர்களுக்குப் பயிற்றுநராக இருந்த அந்தப் பெரியவருக்கு உரியது. அவரைப் பார்க்கச் சென்ற முதல் நாள், படித்ததை ஒப்பிப்பவனைப் போல நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். 1941 அக்டோபரில் 50-ஆவது இந்திய வான்குடை பிரிகேடு உருவானதையும், 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அலுவலர் ஏ.ஜி.ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் வான்குடையில் குதித்த முதல் இந்தியர்கள் ஆனதையும், அதே ரங்கராஜ் பின்னாளில் 60-ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமையேற்றுக் கொரியப் போருக்குச் சென்று, 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடை வீரர்களுடன் தாமும் தம் பிரிவினர் சிலரும் முன்சானில் குதித்து, மகாவீர் சக்கரம் பெற்றதையும் ஒரே மூச்சில் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குதித்ததை எழுதிவிட்டீர்கள். அவர்கள் தரையில் எப்படி இறங்கினார்கள் என்று எழுதினீர்களா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. எழுபதைக் கடந்த அவர் உடனே எழுந்து, சுவரோரம் கிடந்த தாழ்வான பலகை மேல் ஏறி நின்றார். இரண்டு பாதங்களையும் முழங்கால்களையும் ஒட்டி வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, முகவாயை மார்போடு சேர்த்துக்கொண்டார். முன்பாதம் தரையைத் தொட்ட கணத்திலேயே உடலை ஒரு பக்கமாகத் திருப்பி, கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, பின்தோள் என்று அதிர்ச்சியை ஒவ்வோர் இடமாகக் கைமாற்றிவிட்டு உருண்டு எழுந்தார். அவருடைய துணைவியார் பதறிக் கைநீட்டினாரே தவிரத் தடுக்கவில்லை. "தரை எங்கே என்று காலை நீட்டித் தேடுகிறவன்தான் காலை முறித்துக்கொள்கிறான். தரை தானாக வரும், அது வரும்போது நாம் ஒழுங்காக இருக்கவேண்டும், அவ்வளவுதான்" என்றார் பெரியவர். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே மணல்மேட்டிலும் மேடையிலும் நாள்கணக்கில் இதையே செய்ய வைப்பார்களாம். வான்குடைப் பயிற்சி பற்றிய அத்தியாயத்தை நான் அன்றிரவே கிழித்துப்போட்டு மறுபடியும் எழுதினேன். ஐயா, அந்த அத்தியாயம் உங்களுடையது.

அடுத்து நான் கடன்பட்டிருப்பது, வேல்ஸ் மலைகளில் பிரித்தானியச் சிறப்புப் படைத் தேர்வுக்குச் சென்ற இருவருக்கு. அவர்களில் ஒருவர் தேறினார். மற்றவர் மூன்றாம் வாரத்தில் பழைய ரெஜிமெண்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். தேறியவரின் கதை மட்டும் போதும் என்று முதலில் எண்ணினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைத் திரும்பி வந்தவர் எழுதி அனுப்பிய பதினொரு பக்கக் கடிதம் உணர்த்தியது. 886 மீட்டர் உயரமுள்ள பென் ய வான் சிகரத்தைக் கடந்து செல்லும் 24 கிலோமீட்டர் நடையைப் பற்றியும், தேர்வின் இறுதியில் 20 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டிய 64 கிலோமீட்டர் நடையைப் பற்றியும் பல நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அங்கே யாரும் அதட்டுவதில்லை, யாரும் ஊக்கப்படுத்துவதும் இல்லை, நன்றாகச் செய்தாயா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை என்பதும், அந்த மௌனம் சுமையைவிடக் கனமானது என்பதும் அவர் கடிதத்தில்தான் எனக்குப் புரிந்தது. சோதனைச் சாவடியில் "எங்கே இருக்கிறாய், காட்டு" என்று கேட்டால் விரலை வைக்கக் கூடாது. விரல் நுனி வரைபடத்தில் ஒரு பெரும் நிலப்பரப்பையே மறைத்துவிடும் என்பதால் புல்நுனியால் தொட்டுக் காட்டவேண்டும். வரைபடத்தில் எந்தக் குறியும் இடக்கூடாது. அதை எப்போதும் பழைய மடிப்பிலேயே மடிக்கவேண்டும், ஏனெனில் புதிய மடிப்பு ஒன்று விழுந்தால் அது பகைவர் கையில் அகப்படும்போது நாம் எந்தப் பகுதிக்குப் போகவிருந்தோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தாம் தவறியது எவ்வாறு என்பதையும் அவர் மறைக்கவில்லை. "மூடுபனி இறங்கியது. எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். வரைபடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருடைய முதுகைப் பார்த்து நடந்தேன். அவரும் வழி தவறியவர் என்று எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் யாரிடமும் பேசாத ஒன்றை முன்பின் அறியாத ஒருவனுக்கு எழுதிய உங்கள் மனத்துக்கு என்ன கைம்மாறு செய்வேன்? தேறியவரும் அக்கடிதத்தைப் படித்துவிட்டு, தம் பகுதிக்கு முன்னால் அதைத்தான் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்வாறே வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் படியை வரி வரியாகத் திருத்திய மூவருக்கும் தனியே நன்றி சொல்லவேண்டும். எஸ்.ஏ.எஸ். எனப்படும் பிரித்தானியச் சிறப்புப் படையான ஸ்பெஷல் ஏர் சர்வீஸ் பற்றிய பகுதியில், 1941 ஜூலையில் டேவிட் ஸ்டர்லிங் அப்படையைத் தொடங்கியதைச் சொல்லிவிட்டு, பாலைவனத்தில் அது பெற்ற வெற்றிகளுக்கு நான் விரைந்து போய்விட்டேன். திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால், "இங்கே ஏன் ஓடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். கேட்டது சரிதான். அந்த அக்டோபரில் எகிப்தின் கப்ரித் முகாமில் நடந்த வான்குடைப் பயிற்சியில், விமானத்தோடு இணைக்கும் கொக்கி கழன்றுகொண்டதால் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். கொக்கியை மாற்றியமைத்த பின் மறுநாள் காலையில் முதல் ஆளாகக் குதித்தவர் ஸ்டர்லிங். நவம்பரில் நடந்த முதல் தாக்குதலோ புயல் காற்றில் சிதறி, சென்ற ஐம்பதுக்கும் மேற்பட்டோரில் பாதிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். அதன் பிறகுதான் வான்குடையை விட்டு, பாலைவனத்தை அறிந்த நெடுந்தொலைவு ரோந்துப் படையின் வண்டிகளில் செல்லும் வழியை அவர்கள் கைக்கொண்டார்கள். பின்னால் வந்த வெற்றிகள் அந்தத் தோல்வியிலிருந்து பிறந்தவை என்பதை விட்டுவிட்டு எழுதியிருந்தால், தொகுப்பு பொய்யாகியிருக்கும். 1942 முதல் கமாண்டோக்களைப் பழக்கிய ஸ்காட்லாந்தின் அக்னாக்காரி முகாமைப் பற்றிய பக்கங்களையும் திருத்திய அந்த மூவரே சீர்செய்தார்கள். முகாமின் நுழைவில் போலிக் கல்லறைகளை வரிசையாக அமைத்து, என்ன பிழை செய்து இறந்தான் என்று ஒவ்வொன்றின் மீதும் எழுதி வைத்திருந்த செய்தியை நான் விந்தையாக எழுதியிருந்தேன். பயிற்றுநர் நூறு முறை சொல்லவேண்டியதை அந்தப் பலகைகள் ஒரு முறையில் சொன்னதால்தான் வைத்தார்கள் என்று விளக்கி, விந்தையை நீக்கினார்கள்.

படை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவரிடம் நான் பட்ட கடன் வேறு வகையானது. கடும் பயிற்சியைப் போற்றி எழுதியிருந்த என் பக்கங்களைப் படித்துவிட்டு, இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்க்காமல் இந்நூல் வெளிவரக் கூடாது என்றார். 1995 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பள்ளியின் ஃபுளோரிடா சதுப்புநிலப் பயிற்சியில், குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் நின்று நடந்த நால்வர் உடல் வெப்பம் குன்றி இறந்தார்கள். 2013 ஜூலையில் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில், கடும் வெயில் நாளொன்றில் நடந்த சிறப்புப் படைத் தேர்வு நடையில் மூவர் வெப்பத்தால் இறந்தார்கள். "சோம்பேறி இப்படி இறப்பதில்லை. நிறுத்தமாட்டேன் என்று உறுதி பூண்டவன்தான் இறக்கிறான். ஆகவே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நடப்பவனிடம் இருக்கக் கூடாது, அருகில் இருப்பவரிடம் இருக்கவேண்டும்" என்று அவர் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறேன். காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கணக்கிடும் முறை, 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீழ்ந்த புதிய வீரர்களைக் காப்பதற்காகவே உருவானது என்பதை அவர் மூன்று மாலைகள் அமர்ந்து எனக்குக் கற்பித்தார். பயிற்றுநர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ரேஞ்சர் பயிற்சியில் உறக்கமின்மை எல்லை கடந்தபோது, தோழர் என்று நினைத்து ஒரு மரத்திடம் கட்டளைகளை முறையாக ஒப்படைத்ததையும், அம்மரம் பதில் சொல்லாததால் சினந்ததையும் சொன்ன நண்பருக்கும் என் நன்றி. உறக்கமின்மை அறிவை என்ன செய்யும் என்பதை எந்த ஆய்வுக் குறிப்பும் இவ்வளவு தெளிவாக எனக்கு உணர்த்தியதில்லை. உடன் பயிலும் தோழர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை அங்கு இருப்பதையும், பயிற்றுநரின் கண்ணுக்குத் தப்பினாலும் இரவு மூன்று மணிக்குப் பொது எந்திரத் துப்பாக்கியைத் தன் முறை வந்தும் சுமக்காதவன் தோழர்களின் கண்ணுக்குத் தப்பமுடியாது என்பதையும் விளக்கியவரும் அவர்தான்.

குடும்பத்தாரை மறந்தால் நன்றி முழுமை பெறாது. பயிற்சிக் காலக் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் தேதி வரிசையாகக் காத்து வைத்திருந்த அம்மா ஒருவர், கணவரின் நினைவையே திருத்தினார். பனிக்காலத்தில் நடந்ததாக அவர் உறுதியாகச் சொல்லிவந்த மலைப்பயிற்சி ஜூன் மாதத்தில் நடந்தது என்பதைக் கடித உறை காட்டியது. கணவர் நெடுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் அந்தக் குளிர் மழையால் வந்தது" என்றார். நினைவில் நின்றது குளிர். காலத்தைக் காத்தது அந்தப் பெட்டி. அன்று முதல், கடிதமோ நாட்குறிப்போ இருக்கிறதா என்று கேட்காமல் எந்த நேர்காணலையும் நான் முடித்ததில்லை.

பேச மறுத்தவர்களுக்கும் நன்றி கூறுகிறேன். பணியின்போது ஏற்ற உறுதிமொழி இன்னும் தம்மைக் கட்டுப்படுத்துகிறது என்று இருவர் சொன்னார்கள். இறந்த தோழரின் குடும்பத்தார் அறியாத ஒன்றைத் தாம் நூலில் சொல்லமுடியாது என்று ஒருவர் சொன்னார். அவர்களிடம் மீண்டும் கேட்காமல் இருக்கும் அறிவை எனக்குத் தந்தவர்களும் அவர்களே.

ஒரு பதிப்பகத்தார், திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பகுதியையும் பயிற்சியில் நேர்ந்த இறப்புகள் பற்றிய அத்தியாயத்தையும் நீக்கினால் உடனே அச்சிடுவதாகச் சொன்னபோது, நான் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். உங்களில் ஆறு பேரிடம் கருத்துக் கேட்டேன். ஆறு பேரும், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலேயே, நீக்குவதாயின் தம் பகுதியையும் சேர்த்து நீக்கிவிடும்படி எழுதினார்கள். அந்த ஆறு மடல்களால்தான் தொகுப்பு இன்று குறைபடாமல் இருக்கிறது. வேறொரு பதிப்பகம் அதை முழுமையாக வெளியிட இசைந்திருக்கிறது.

ஒலிப்பதிவுகளின் படிகளை அவரவர் குடும்பத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன்; இம்மாத இறுதிக்குள் எல்லோருக்கும் வந்து சேரும். இன்னும் திருத்தவேண்டியது இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். வேல்ஸ் மலைகளின் வரைபடத்தை இரவல் தந்த ஐயாவுக்கு ஒரு செய்தி: அதை நேற்றுத்தான் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். எந்தக் குறியும் இடவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்திருக்கிறேன்.

மாறாத நன்றியுடன்,
தொகுப்பாசிரியன்