துணிச்சல் இல்லை என்றாராமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் தனியார் மருத்துவமனை நடத்துகிறவர்கள் படும் பாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆள் கிடைக்கவில்லை, கரண்ட் பில் ஏறிவிட்டது, காப்பீட்டுப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது. எல்லாம் சரி, மறுக்கவில்லை. நடுவில் ஒரு மருத்துவமனை உரிமையாளர் சொன்னதாக ஒரு வரி: "வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே வார்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் துணிச்சல் இப்போது படித்துவிட்டு வரும் நர்ஸ்களுக்கு இல்லை." அந்த வரியைக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில், தொப்பி வைத்த நர்ஸ் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். (தொப்பி வைத்த நர்ஸை வார்டில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அது கிடக்கட்டும்.)

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்றாம் நாளே வார்டைத் தனியாகப் பார்க்கும் துணிச்சல் எனக்கும் இருந்ததில்லை. அப்படித் துணிச்சலோடு ஒருத்தி வந்து நின்றால் மருந்து அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுக்காதவர்தான் நல்ல இன்சார்ஜ் சிஸ்டர், அதாவது வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ். கட்டுரை எழுதிய தம்பி பதிலுக்கு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்: "மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை ஏன் ஐயா தனியாக விட்டீர்கள்?" கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் தங்கை மகள் போன வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுப் பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். ஊர்ப் பெயர் எழுதி வம்பு வளர்க்க எனக்கு விருப்பமில்லை. சேர்ந்த அன்று நடந்த முதல் காரியம், அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியது. அப்புறம் கைரேகை வைக்கும் இடத்தைக் காட்டினார்கள், சாப்பாட்டு நேரத்தைச் சொன்னார்கள். பயிற்சி முடிந்தது. அந்த வாரமே நைட் டூட்டி. மாடி வார்டில் இருபது கட்டிலுக்கு மேல். துணைக்கு ஒரு ஆயாம்மா. டாக்டர் கீழே தூங்குகிறார், அவசியம் என்றால் மட்டும் எழுப்ப வேண்டும். எது அவசியம் என்று யாரும் சொல்லவில்லை.

நள்ளிரவில் எனக்கு போன். "பெரியம்மா, சுகர் பேஷண்டுக்கு இருபது யூனிட் எழுதியிருக்கு. பாட்டில்ல நூறுன்னு போட்டிருக்கு. ட்ரேயில சிவப்பு மூடி சிரிஞ்சுதான் இருக்கு. போடலாமா?"

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. முதலாவதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதுக்கு ஆரஞ்சு மூடி. நூறு பாட்டிலிலிருந்து சிவப்பு மூடியில் இருபது கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சரசரவென்று இறங்கும். வார்டே தூங்கும் நேரத்தில் மயங்கிக் கிடக்கும் இந்த நோயாளியும் தூங்குவதாகத்தான் நினைப்பார்கள். நான் போடாதே என்றேன், டாக்டரை எழுப்பச் சொன்னேன். எழுப்பினாள், திட்டு வாங்கினாள், கீழே மருந்துக்கடையைத் திறக்கச் சொல்லி ஆரஞ்சு மூடி வந்தது. காலையில் இன்சார்ஜ் கேட்டாராம், "இதுகூடத் தெரியாமலா நாலு வருஷம் படிச்சே?"

அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கை நின்றது. பக்கத்தில் நிற்க ஆள் இல்லாததால் முப்பது கிலோமீட்டர் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த பெரியம்மாவைக் கூப்பிட்டாள். நர்ஸ் பெரியம்மா இல்லாத பெண்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்கள் உரிமையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

எம்.பி.பி.எஸ். பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பெரிய டாக்டர்களின் நிழலில் நின்று கை பழகிய பிறகுதான் முழுப் பதிவு. அது நியாயம்தான். நர்ஸ்களுக்கும் இன்டர்ன்ஷிப் உண்டே என்பீர்கள். உண்டு, படிப்புக்கு உள்ளேயே. கல்லூரி பஸ்ஸில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். பி.பி. பார்ப்பார்கள், படுக்கை விரிப்பார்கள், மீதி நேரம் கேஸ் ஸ்டடி நோட்டு நிரப்புவார்கள். எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆசைதான். முப்பது நாற்பது நோயாளியை ஒற்றையாளாக வைத்துக்கொண்டு எங்கே சொல்லிக் கொடுப்பது?

ஒரு நோயாளியை எப்படிப் பார்ப்பது என்பது கல்லூரியில் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு ட்ரிப்ஸ் நின்றுபோய், இன்னொருவர் மூச்சு வாங்கி, மூன்றாமவரின் மகன் "சிஸ்டர், ஃபேன் ஓடலை" என்று சத்தம் போட்டு, கீழேயிருந்து புது அட்மிஷன் ஏறி வரும்போது எதை முதலில் தொடுவது, எதைக் காக்க வைப்பது? அது மூத்தவள் ஒருத்தியின் பின்னாலேயே நடந்து கற்றுக்கொள்வது. ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். மூச்சு வாங்குகிறவர் சத்தமே போடமாட்டார்.

எனக்கு வாய்த்த இன்சார்ஜ் சிஸ்டர் கடுமையானவர், வாயும் கொஞ்சம் மோசம். ஆனால் விட்டுப் போகமாட்டார். சம்பா அறுப்புக் காலத்தில் வரப்பிலிருந்து நேராகப் பாம்புக்கடி கேஸ் வரும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை அவர்தான் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார். கழுவிக் காய்ந்த கண்ணாடி ட்யூப்தான் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. ரத்தத்தை விட்டு 20 நிமிஷம் ஆட்டாமல், தூக்கிப் பார்க்காமல் வைக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலுக்குப் போகிற அவசரத்தில் நான் ட்யூபை எடுக்கப் போனால் புறங்கையில் ஒரு தட்டு. விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியதும், அது ஒத்துக்கொள்ளாமல் போனால் போடுகிற அட்ரினலினை எடுத்துத் தயாராக வைத்துவிட்டு, "இங்கேயே நில்லு, தடிப்பு வருதா பாரு, வாந்தி வருதா பாரு, பி.பி. இறங்குதா பாரு" என்பார். பூச்சிமருந்து குடித்தவருக்கு அதை முறிக்கும் அட்ரோபின் ஏறும்போது, அவர் பிதற்றுவது விஷத்தாலா மருந்து கூடிப்போனதாலா என்று கண்மணியையும் தோலையும் நெஞ்சுச் சளியையும் வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. புத்தகம் புறங்கையில் தட்டாது.

அந்த மாதிரி சிஸ்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். நேரம்தான் இல்லை. பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வைத்திருக்கிறது. படித்தால் சிரிப்புதான் வரும்.

சிரிப்பு என்றதும் மற்றதெல்லாம் ஞாபகம் வருகிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னையில் மருத்துவத் துறை தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தபோது உங்கள் தலைப்பு "நோயாளிகள் அவதி". அவர்களுடைய அவதி நாலாம் பக்கத்தில், அதுவும் கடைசிப் பத்தியில். 2020 மே மாதம் ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவினார்கள். அதற்கு முழுப்பக்க வண்ணப்படம். கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களை 2022 டிசம்பர் கடைசி நாளோடு வீட்டுக்குப் போகச் சொன்னபோது வண்ணம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

தனியார் பக்கம் இன்னும் அழகு. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரை கொடுத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையாக இருந்தாலும் நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் கீழே போகக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும். என் தங்கை மகளுக்குப் பேசியது 9,000, அதில் ஹாஸ்டல் பிடித்தம் வேறு. அப்படியும் ஏன் போகிறார்கள் என்றால் அனுபவச் சான்றிதழுக்காக. வளைகுடா வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அது இங்கே எல்லா உரிமையாளருக்கும் தெரியும். அவள் சில மாதங்களில் விலகியபோது பூட்டி வைத்த அசல் சான்றிதழ்களைத் திருப்பி வாங்க ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினோம். துணிச்சல் இல்லாதவர்கள் கணக்கில் அவளையும் சேர்த்திருப்பார்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதிதாகச் சேருகிறவளை முதல் ஒரு மாதமாவது டூட்டி லிஸ்டில் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் கூடுதல் ஆள். அவளுக்கென்று ஒரு சீனியரைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அந்த சீனியருக்குக் கட்டில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் "நீயே பார்த்துக்கம்மா" என்றால் இரண்டு பேரும் கெட்டுப் போவார்கள். நாலைந்து நோயாளியில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம். சீனியர் கூட நின்று சில ராத்திரி பார்க்கும்வரை தனி நைட் கிடையாது. இதற்கு ஆகும் செலவு அவர்கள் கொடுக்கிற அந்த 9,000 தான். உங்கள் பத்திரிகையில் அந்த மருத்துவமனைகள் போடும் பொங்கல் வாழ்த்து விளம்பரத்துக்கு இதைவிடக் கூடுதலாக ஆகியிருக்கும்.

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு டாக்டர்கள் சேர்ந்து சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் ஆள் வைப்பது சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூரில் 1959-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2010-ல் திருவாரூருக்கும் 2022-ல் நாகப்பட்டினத்துக்கும் வந்துவிட்டது. சின்ன ஆஸ்பத்திரியில் சேரும் பெண்களைச் சில வாரம் அங்கே வார்டில் சேர்த்துக்கொள்ள வழி செய்யலாம். அதை ஆட்சியர்களிடம் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள், நான் எழுதினால் ரசீதுகூட வராது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். புதன்கிழமை வரி விளம்பரத்தில் வாராவாரம் வருகிறதே, "நர்ஸ் தேவை, அனுபவம் தேவையில்லை, உணவு தங்குமிடம் உண்டு" என்று. அதை வாங்கும்போது இரண்டு விவரம் சேர்த்துக் கேளுங்கள்: நைட் டூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில், புதிதாக வருகிறவளோடு முதல் மாதம் யார் நிற்பார். பதில் சொன்னால் அச்சிடுங்கள். சொல்ல மறுத்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அச்சிடுங்கள். கூடுதல் வரிக்குக் காசு நான் தருகிறேன் என்று சொல்லவும் ஆசைதான், என் பென்ஷன் தாங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்,
மன்னார்குடி.