தீர்ப்புக்குப் போட்ட பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். சாவி நம்மிடம்தான் இருக்கிறது. யாருக்கும் விடவில்லை.

உன் விவாகரத்து வழக்கில் வாதம் முடிந்து தீர்ப்புக்குப் போட்டாயிற்று என்று உன் வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு வேலை இருந்திருக்கும். வாதம் முடிந்து தீர்ப்பு சொல்ல உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 30 நாள் என்று இருக்கிறது, ரொம்ப முடியாமல் போனால் 60. தள்ளிப்போனால் அதற்கு ஒரு அர்த்தம் தேடிக்கொண்டு ராத்திரியெல்லாம் முழிக்காதே. தீர்ப்பு சொன்ன அன்றைக்கே அதன் நகல் கேட்டு மனு போடச் சொல்.

எதிர்த்தரப்பு வக்கீல் கடைசி நாள் என்ன கத்தியிருந்தாலும், எழுத உட்காரும்போது ஜட்ஜ் முன்னால் இருப்பது வழக்குக் கட்டு மட்டும்தான். 32 வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு ஜட்ஜ் அய்யா, சாட்சியத்தில் கண்ட இடத்திலெல்லாம் துண்டுச்சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பார். கட்டு முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிடும். வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, அதாவது எழுவினாக்களை, ஒவ்வொன்றாக எடுப்பார். இதை நிரூபிக்க வேண்டியது யார், முதல் விசாரணையில் என்ன சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் எதை ஒத்துக்கொண்டார்கள், அதற்குக் காகிதம் உண்டா, இவ்வளவுதான். ஒத்துக்கொண்டதற்குத்தான் முதல் குண்டூசி.

நீ கூண்டில் தடுமாறவில்லை என்று வக்கீல் சொன்னார். என் பெண் தடுமாற மாட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். குட்டியைப் பற்றிப் பயப்படாதே. யாருக்கு உரிமை என்பதைவிட பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்ப்பார்கள். வேளைக்குச் சாப்பிடு. நகல் மனு அன்றைக்கே.

1975-இல் தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உனக்குச் சாதகம். கொடுமையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது. வழக்குப் போட்ட அந்தப் புருஷன், மனைவி செய்த கொடுமையை நிரூபித்தும் தோற்றான். அதற்குப் பிறகும் சேர்ந்து வாழ்ந்தானாம், அதனால் மன்னித்ததாக ஆகிவிட்டது. இந்து திருமணச் சட்டம் 23-ஆவது பிரிவு. எதிராளி கேட்காவிட்டாலும் கோர்ட் அதைப் பார்த்தாக வேண்டும்.

உன் சாட்சிய நகலை வாங்கிப் படித்தேன் பாப்பா. 'தீபாவளிக்குப் பிறகு நான் மீண்டும் எதிர்மனுதாரர் வீட்டிற்குச் சென்று சேர்ந்து வாழ்ந்தேன் என்றால் சரிதான்.' அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டாய். யார் கொண்டுபோய் விட்டது என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டே வந்தாய். நான் பார்த்தேன். கேட்கவில்லை. இறங்கும்போது 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்றேன்.

என்னை ம.சா.2-ஆக, உன் தரப்பு இரண்டாம் சாட்சியாகப் போட உன் வக்கீல் கேட்டபோது பி.பி. என்று சொன்னேன். பி.பி. இல்லை. எத்தனையோ பேருக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தவன், நானே கூண்டில் ஏறி அந்த மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டேன். சொல்லக்கூடிய சாட்சி வராவிட்டால் கோர்ட் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? போன வாரம் அவரிடம் போய், வழக்கை மறுபடி திறக்க மனு போடலாமா என்று கேட்டேன். 'இப்ப எதுக்கு சார்' என்றார்.

மன்னித்த பிறகும் கொடுமை தொடர்ந்தால் பழையதற்கும் உயிர் வரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நீ திரும்பிப் போன பிறகு நடந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு உன் தரப்பு ஆவணமாக, ம.சா.ஆ.6 என்று குறியீடு ஆகியிருக்கிறது. அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

தீர்ப்பு அன்றைக்கு நான் வருகிறேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. நகல் மனுவுக்கு ஸ்டாம்பு நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா