‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தினசரி காலண்டர் அச்சிடும் சிவகாசி அன்பர்களுக்கும், நாளிதழ்த் துணை ஆசிரியர்களுக்கும், பண்பலை அறிவிப்பாளர்களுக்கும், விடிவதற்குள் ‘இன்றைய சிறப்பு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பள்ளி ஆசிரியர். காலை வழிபாட்டுக் கூட்டம் என் பொறுப்பு. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி எல்லாம் முடிந்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கும். வாசிக்கிற தாளில் இருப்பது நீங்கள் எழுதியதுதான். நாளிதழைப் பார்த்து எழுதினாலும் சரி, கைபேசியைப் பார்த்து எழுதினாலும் சரி, நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று அதே வரிசை, அதே வரிகள். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் போடுகிறீர்கள் என்பது தெரிகிறது. முதலில் எழுதியவர் யார் என்பதுதான் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்தே இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்குப் பதினைந்து வரி வேண்டாம், மூன்று போதும். ஆனால் அந்தத் தேதி எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் அரை வரி சேர்த்துப் போடுங்கள்.

நவம்பர் 7-ஐ எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் கமல்ஹாசன் பிறந்தநாள் என்பது ஊருக்கே தெரியும், 1954, பரமக்குடி. அதே தேதியில் 1888-இல் திருச்சியில் பிறந்தவர் சர் சி.வி. ராமன். 1867-இல் போலந்தின் வார்சாவில் மேரி கியூரி. அப்புறம் 1917-இல் ரஷ்யாவில் அக்டோபர் புரட்சி. வாசித்து முடித்ததும் வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் ஒன்று கேட்கும்: “சார், அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பர்ல சொல்றாங்க?” கேட்க வேண்டிய கேள்விதான். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் காலண்டர் நடப்பில் இருந்தது. அவர்கள் சுவரில் அன்றைக்கு அக்டோபர் 25. மறு ஆண்டு சோவியத் அரசு காலண்டரை மாற்றியபோது ஜனவரி 31-க்கு மறுநாளே பிப்ரவரி 14 வந்தது. நடுவில் பதின்மூன்று நாள் இல்லவே இல்லை. பெயர் மட்டும் பழைய கணக்கில் தங்கிவிட்டது. ‘அன்றைய ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 25’ என்று நீங்கள் சேர்த்திருந்தால், அந்த நாலு சொல்லே ஒரு வரலாற்றுப் பாடம்.

ஏப்ரல் 23-உம் இப்படித்தான். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று ஆண்டுதோறும் உலகப் புத்தக நாளன்று போடுகிறீர்கள். இங்கிலாந்தின் ஏப்ரல் 23 வந்தபோது ஸ்பெயினில் மே 3 ஆகியிருந்தது. கலிலியோ இறந்த 1642-இலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் இரண்டு காலண்டரைக் கலந்து கிடைத்த அதிசயம்தான். இத்தாலிக் கணக்கை நியூட்டனுக்கும் போட்டால் அவர் பிறந்தது 1643 ஜனவரி 4. சரி, அதெல்லாம் வெளியூர் விவகாரம், விட்டுவிடுவோம்.

நம் சென்னைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 22 சென்னை தினம். 2004-இலிருந்து கொண்டாடுகிறார்கள், நல்ல கொண்டாட்டம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர் இடம் கொடுத்த சாசனத்தின் பிரதிகளில் இருப்பது 1639 ஜூலை 22. ஆனால் அந்த இடத்தைப் பெற்ற கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலைக் கடைசியில். வராத ஆளுக்கு எப்படிச் சாசனம் கொடுத்திருக்க முடியும் என்று யோசித்துத்தான் ஆய்வாளர்கள் ஆகஸ்ட் 22 என்று கொண்டார்கள். அதுவும் பழைய ஆங்கிலக் கணக்கு. இன்றைய காலண்டரில் வைத்துப் பார்த்தால் செப்டம்பர் 1. இதற்காகக் கொண்டாட்டத்தை மாற்று என்று யாரும் கேட்கவில்லை. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஊராக இருந்தவை என்பதால் ‘சென்னை பிறந்த நாள்’ என்று மட்டும் போடாதீர்கள். ‘கோட்டை கட்ட இடம் கிடைத்த நாள்’ என்று போடுங்கள், அதுதான் நடந்தது.

இனி பாரதியார். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். ஒரு நாளிதழ் செப்டம்பர் 11 என்கிறது, இன்னொன்று 12 என்கிறது. சில ஆண்டுகளில் ஒரே கைபேசிக் குழுவில் இரண்டு நாளும் அஞ்சலி வருகிறது. பிள்ளைகள் எந்த நாளைத் தேர்வில் எழுதுவது என்று கேட்கிறார்கள். நடந்தது இதுதான்: 1921 செப்டம்பர் 11 இரவு அவருக்கு உடல்நிலை மிக மோசமானது. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, ஒரு மணிக்கு மேல். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு தேதி மாறிவிடும், ஆகவே 12. நம் வழக்கத்தில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். திருவல்லிக்கேணி வீட்டில் அன்று விழித்திருந்தவர்களுக்கு அது 11-ஆம் தேதி இரவுதான். அரசு 2021-இல், அவருடைய நூற்றாண்டு நினைவின்போது, செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ‘11 நள்ளிரவுக்குப் பின்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

கூடவே இன்னொன்று. அந்த வரியிலேயே ‘யானை தாக்கி இறந்தார்’ என்று சேர்த்துவிடுகிறீர்கள். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது ஜூன் மாதம். அதன் பிறகு எழுந்து நடமாடி, ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் போய் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசிவிட்டு வந்த மனிதர் அவர். செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக் கோளாறு. ஒரு வரிக்குள் அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் மூன்று மாதத்தை முழுங்கிவிடுகிறோம்.

தனுஷ்கோடிக்கும் இதே நள்ளிரவுச் சிக்கல் உண்டு. பாம்பனிலிருந்து அந்தப் பாசஞ்சர் ரயில் கிளம்பியது 1964 டிசம்பர் 22 இரவு. புயல் அலை அதை அடித்துக்கொண்டு போனபோது தேதி மாறியிருந்தது. 22 என்று போட்டாலும் 23 என்று போட்டாலும் குற்றமில்லை, ‘22 நள்ளிரவு’ என்பது இன்னும் சரி.

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதே ஆடி 18-தான் தீரன் சின்னமலை நினைவு நாள் என்பது உங்கள் தாள்களிலேயே இருக்கும். ஓடாநிலை மணிமண்டபத்தில் அன்றைக்குத்தான் மாலை போடுகிறார்கள், சங்ககிரிக் கோட்டைக்கும் மக்கள் அன்றைக்குத்தான் போகிறார்கள். ஆனால் ‘வரலாற்றில் இன்று’ என்று வரும்போது சிலர் 1805 ஜூலை 31 என்கிறார்கள், சிலர் ஆகஸ்ட் 2 என்கிறார்கள். நம் சூரியமான ஆண்டு ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஓர் ஆண்டில் அது வெறும் நிமிடக் கணக்கு, இருநூறு ஆண்டில் மூன்று நாள் ஆகிவிடுகிறது. இன்றைக்கு ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். 1805-இல் அது ஜூலை 31-ஐ ஒட்டியே வந்திருக்கும். யாரோ இன்றைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஆடி 18-ஐ ஆங்கிலத் தேதியாக மாற்றியதால் வந்த குழப்பம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் தாளின் ஒரு மூலையில் தமிழ்த் தேதியும் இன்னொரு மூலையில் ஆங்கிலத் தேதியும் எப்போதும் இருக்கின்றன. இந்தக் கணக்கு உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ராஜராஜ சோழனுக்கோ தேதியே தேவைப்படவில்லை. ஐப்பசிச் சதயம் என்பது போதுமாக இருந்தது. தஞ்சையில் இன்றும் அப்படித்தான் விழா. ராஜேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. இவர்களுக்கு ஆங்கில மாதத்தில் ஒரு பிறந்த தேதியைக் கண்டுபிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால், எந்தக் கல்வெட்டில் படித்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையே பாருங்கள். பழைய பக்கங்களைப் புரட்டினால் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் கொத்துக் கொத்தாக இருப்பார்கள். “புரட்டாசி மாசங்க, ரோகிணி நட்சத்திரம், வருசம் நெனப்பில்ல” என்று பாட்டி சொல்வார். சேர்க்கைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளி திறப்பது ஜூனில். அதற்கேற்ப ஒரு தேதி விழும். அந்தப் பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் பிரபலமும் ஆகியிருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பிரபலங்களின் பிறந்தநாள் பட்டியலை அச்சுப் பிசகாமல் நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தெரிந்தே தேதியை மாற்றிக்கொண்டவரும் உண்டு. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் பிறந்த நாள் என்பதால் தன்னுடையதை ஜூன் 2-க்கு நகர்த்திக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ‘ஜூன் 2, இளையராஜா பிறந்தநாள்’ என்று மொட்டையாகப் போடுவதைவிட இந்தக் கதையைப் போட்டால் பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கே எது பிறந்த நாள் என்பதிலும் உங்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன, கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. 1967 ஜூலை 18-இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு நாள் என்று ஓர் அரசு முதல் தேதியைச் சொன்னது, அடுத்து வந்த அரசு இரண்டாவதைச் சொன்னது. மூன்றையும் அந்தந்த நாளில் போட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. இந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்ட சங்கரலிங்கனார் மட்டும் பெரும்பாலான பட்டியல்களில் இல்லை. ஏதோ ஒரு தொலைதூர நாட்டின் பழைய போர் ஒன்று அவருடைய இடத்தில் இருக்கிறது.

எதை விடுகிறோம் என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். டிசம்பர் 25 என்றால் கிறிஸ்துமஸ், வாஜ்பாய், ஜின்னா, சாப்ளின் மறைவு, ராஜாஜி மறைவு. எல்லாம் சரி. 1968-இல் அதே நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். அது வருவதே இல்லை, அல்லது கடைசி வரியாக வருகிறது. பண்டிகை நாளில் வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. நாகை மாவட்டத்தில் அன்றைக்குத்தான் ஆண்டுதோறும் செங்கொடியோடு ஊர்வலம் போகிறார்கள், அவர்களுக்கும் அது டிசம்பர் 25-தான்.

நடிகர்கள் பிறந்தநாளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணதாசனும் எம்.எஸ். விஸ்வநாதனும் ஜூன் 24-இல், ஓராண்டு இடைவெளியில் பிறந்தார்கள் என்று படித்தால் யாருக்குத்தான் முகம் மலராது? காந்தி பிறந்த அக்டோபர் 2-இலேயே, 1975-இல் காமராஜர் கண்ணை மூடினார் என்பதை ஒரு முறை கேட்ட பிள்ளை மறப்பதில்லை. இந்த மாதிரி இரண்டு சேர்ந்து நிற்கிற வரிகளைத் தேடிப் போடுங்கள். இருபத்திரண்டு வயது நடிகைக்கு வாழ்த்து, கூடவே இரண்டு கிரிக்கெட் வீரர்கள் என்று இடத்தை நிரப்புவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது பிப்ரவரி 29. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தவர். நான்கு ஆண்டு கழித்து வர வேண்டிய அடுத்த பிப்ரவரி 29 வரவில்லை; நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு அல்ல, 1900 அப்படிப்பட்டது. அந்தப் பையனுக்கு முதல் முறையாகச் சரியான தேதியில் பிறந்தநாள் வந்தது எட்டு வயதில், 1904-இல். அன்றைக்குத்தான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார், பின்னால் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே ருக்மிணி தேவி அருண்டேல். 1977-இல் பிரதமர் மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி அவரைக் கேட்டார். அந்த அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார். கணக்கு, வானியல், நடனம், அரசியல் எல்லாம் இந்த ஒரு தாளில் இருக்கிறது. ஆனால் மற்ற மூன்று ஆண்டுகளும் இருவரையும் மொத்தமாக மறந்துவிடுகிறீர்கள். 28-ஆம் தேதித் தாளின் அடியில் ‘நாளை இல்லாத நாள்’ என்று தலைப்பிட்டு இதைப் போட்டால் என்ன? 28 தேசிய அறிவியல் நாள், ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட நாள் என்பதால் அந்தத் தாளில் எப்படியும் நல்ல கூட்டம் இருக்கும். இவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

உங்களுக்கு வேலை அதிகம் என்பது தெரியும். ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் ஒரு தாளில் சரிபார்த்து ஏற்றுவது லேசு அல்ல. ஆனால் நல்ல நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் வாடிக்கையாளர் தொலைபேசியில் சண்டைக்கு வருவார் என்று எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள்! அதில் கால்வாசி கவனம் இந்தப் பக்கமும் திரும்பட்டும். அடுத்த ஆல்பம் தயாராகும்போது ஒரு தேதியைப் பற்றி உங்களுக்கே ஐயம் வந்தால், தயவுசெய்து அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். வீட்டில் பால் கணக்கு எழுதவாவது உதவும்.

இப்படிக்கு,
காலைக் கூட்டத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் ஓர் ஆசிரியர்