கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் வாசித்துக் காட்டுங்கள்

மூணாறு தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு,

வணக்கம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள், தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற அம்மாவின் மகள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அடுத்த கூலி ஒப்பந்தம் பேசப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம் என்றார்கள். அன்றைய போனஸ் சட்டம் சொன்னது குறைந்தது 8.33, கூடியது 20. கணக்குப்படி பார்த்தால் 10 சட்டத்துக்குள்தான் வரும். ஆனாலும் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு டவுனில் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கம்பெனி மேல் எவ்வளவு கோபமோ, அவ்வளவு கோபம் சங்கங்கள் மேலும் இருந்தது. தங்களைக் கேட்காமல் தங்கள் பேரில் யாரோ பேசி முடிக்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். தலைவர்களைக் கிட்டே விடவில்லை.

அதே பெண்கள் தாங்களாகப் போட்ட கட்டுப்பாட்டை எப்படிக் காத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கட்சிக் கொடி வேண்டாம், ஆண்கள் ஒதுங்கி நிற்கட்டும் என்றார்கள். வீட்டு ஆண்கள் ஒதுங்கித்தான் நின்றார்கள். ஒன்பது நாள் கழித்து 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை, ஆக 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற அவர்கள் அமைப்பு பின்னால் பிளவுபட்டது உண்மைதான். அதனால் அன்று அவர்கள் கேட்ட கேள்வி தீர்ந்துவிடவில்லை.

மழைக்காலத்தில் கொழுந்து எடை போடும் இடத்துக்கு ஒருநாள் வாருங்கள். ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். தராசை எல்லோரும் பார்க்க வைத்து, "அக்கா, இன்னைக்கு இவ்வளவு ஈரம்" என்று சொல்லிக் கழிக்கிற சூப்பர்வைசரிடம் அம்மா வாயே திறக்கமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டில் எழுதுகிறவர் அதே அளவு கழித்தால், பின்னால் நிற்கிற பெண்கள் யாரும் சாக்கை இறக்கமாட்டார்கள். கழிவு ஒன்றுதான், கழிக்கிற விதம்தான் வேறு.

சரி, என்ன கேட்கிறேன்? பேச்சுவார்த்தையில் கொழுந்தெடுக்கிற பெண்களும் உட்காரட்டும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைக் காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில், தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும், தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். தேர்தல் வந்தால் லயம் லயமாக ஏறி இறங்குகிறீர்களே, அந்த நேரத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்